கைரேகை யாருக்குக் காவல்?

ரிஷிவந்தியம் வட்டாரத்தில் கரும்பு வெட்டும் கூலியாளுக்கோ, ஆலைத் தொழிலாளிக்கோ அரைக் காணி நிலம் இருந்தால் அதுவே அவன் ஆஸ்தி. அதைப் பறிக்க அரிவாளும் அடியாளும் தேவையில்லை. ஒரு போலி ஆளும், ஒரு பெருவிரலும், இரண்டு பொய்ச் சாட்சிகளும் போதும். ஆள்மாறாட்டம் என்பது இதுதான்.

கைரேகை பத்திரத்துக்கு வந்த கதையைப் பாருங்கள். 1858ல் வங்காளத்து ஜங்கிபூரில், வெள்ளை அதிகாரி வில்லியம் ஹெர்ஷல், சாலைக்குச் சரளை தர ஒப்புக்கொண்ட ராஜ்யதர் கொனாயின் உள்ளங்கையில் மை பூசி ஒப்பந்தத்தில் பதித்துக்கொண்டார். எதற்காக? நாளைக்கு அவர் "இது என் கையெழுத்தல்ல" என்று மறுத்துவிடக் கூடாதாம்! ஆள்பவனின் சந்தேகத்தில் பிறந்த ரேகையை ஏழையின் காவலாக மாற்ற வேண்டியது நம் வேலை.

சட்டத்தில் அதற்கு இடம் உண்டு. எழுதிக் கொடுத்ததாகச் சொல்லி எதிரே நிற்பவர் உண்மையில் அவர்தானா என்று பதிவு அதிகாரி விசாரித்துத் திருப்தியடைய வேண்டும் என்கிறது 1908ம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 34வது பிரிவு. 2001ல் வந்த திருத்தம் புகைப்படத்தையும் விரல் ரேகையையும் கட்டாயமாக்கியது. ஆள்மாறாட்டம் செய்தவனுக்கும் அதற்கு உடந்தையானவனுக்கும் 7 ஆண்டு வரை சிறை என்கிறது 82வது பிரிவு. கையெழுத்திட்டதைச் சரிபார்த்துச் சான்றளிப்பது நோட்டரியின் பணி என்கிறது 1952ம் ஆண்டு நோட்டரிகள் சட்டம். ஆளையே பாராமல் முத்திரை குத்தினால், அது சான்றா, வியாபாரமா?

"மோசடி நடந்தால் பிறகு வழக்குப் போடலாமே" என்பார்கள் சிலர். போலிப் பத்திரத்தை மாவட்டப் பதிவாளரே ரத்து செய்ய 2022ல் தமிழக அரசு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. அந்தப் பிரிவு செல்லாது என்று 2024ல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிவில் கோர்ட்டுப் படியேறினாலோ, ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலி போகும். வக்கீல் பீஸ் தனி. கூலிக்காரன் எத்தனை வருஷம் தாங்குவான்? முத்திரை விழுவதற்கு முன்பே தடுப்பதுதான் ஏழைக்குள்ள ஒரே நியாயம்.

தோழர்களே! வெற்றுத் தாளில் ரேகை வைக்காதீர்கள். பத்திரத்தை வரிவரியாகப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். முன்பின் அறியாதவனுக்கு, டீக்கும் சில்லறைக்கும் அடையாளச் சாட்சி சொல்லாதீர்கள். இன்று நீங்கள் விற்கும் சாட்சி நாளை உங்கள் அண்ணன் தம்பியின் நிலத்தை விழுங்கும். அதிகாரி "நீ யார்?" என்று கேட்டால் கோபப்படாதீர்கள். கேட்காமல் முத்திரையைத் தூக்கினால்தான் கோபப்பட வேண்டும்!