ஏழாயிரம் டாலரும் ஒரு நாயும்

திரைப்பட இயக்குநர் ராபர்ட் ரோட்ரிகஸ் என்றதும் எங்கள் தொழிலில் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது ஒரு தொகை: 7,000 டாலர். "அந்தப் பணத்தில் அவர் 'எல் மரியாச்சி' என்ற முழுப் படத்தையே முடித்துவிட்டார், உன்னால் சம்பளம் இல்லாமல் வேலை செய்ய முடியாதா?" என்று என் உதவியாளரிடம் ஒரு தயாரிப்பாளர் கேட்டார். இருபது வருடமாக ஒலித்தொகுப்பு செய்கிறேன். அந்தக் கேள்வி என்னை இன்னும் உறுத்துகிறது.

அந்தப் பணத்தில் ஒரு பகுதி எங்கிருந்து வந்தது? டெக்சாஸில் பத்துப் பிள்ளைகள் உள்ள மெக்சிகன்-அமெரிக்கக் குடும்பத்தில் பிறந்த அந்த இளைஞர், கொழுப்பைக் குறைக்கும் மருந்தொன்றின் பரிசோதனைக்குத் தன் உடம்பைக் கொடுத்தார். பரிசோதனை நடந்த இடத்தில் அடைந்து கிடந்த நாட்களில் திரைக்கதை எழுதினார். வில்லனாக நடித்த பீட்டர் மார்க்வார்ட்டைச் சந்தித்ததும் அங்கேதான்.

1991இல் படப்பிடிப்பு. எல்லைக்கு அப்பால் மெக்சிகோவின் சியுடாட் அகூனா, நண்பர் கார்லோஸ் கயார்டோவின் ஊர். அங்கே என்னென்ன கிடைக்கும் என்று முதலில் பார்த்துவிட்டு, ஒரு பஸ், ஒரு பண்ணை, ஒரு நாய் என்று கிடைத்ததை வைத்தே கதை பின்னினார்கள். கேமரா இரவல். டிராலிக்குப் பதில் சக்கர நாற்காலி.

என்னைக் கட்டிப்போடுவது அந்தப் படத்தின் ஒலி. கேமரா போட்ட இரைச்சலில் நேரடி ஒலிப்பதிவுக்கு வழியே இல்லை. ஒவ்வொரு ஷாட் முடிந்ததும் கேமராவை நிறுத்தி, மைக்கை வாயருகே வைத்து, அதே வசனத்தை மறுபடி பேசச் சொல்லி டேப்பில் பதிந்துகொண்டார். பிறகு வரி வரியாகக் கையால் பொருத்தினார். உதடும் சொல்லும் எங்கே பிசகியதோ அங்கே வேறு ஷாட்டுக்கு, பல நேரம் அந்த நாய்க்கு, வெட்டிவிட்டார். அந்தப் பரபரப்பான படத்தொகுப்பை வேகம் என்று எல்லோரும் புகழ்ந்தார்கள். அதில் பாதி, ஒலி ஒட்டாத இடங்களை மூடிய கைவேலை. தன் படத்துக்குத் தானே ஒலிப்பதிவாளராகவும் எடிட்டராகவும் இருந்தவருக்குத்தான், எந்த நொடியில் வெட்டினால் தப்பிக்கலாம் என்று படம்பிடிக்கும்போதே தெரியும். சிறுவயதில் இரண்டு வி.சி.ஆர்.களை இணைத்து, தம்பி தங்கைகளை நடிக்கவைத்து வருடக்கணக்கில் பழகிய கை அது.

7,000 டாலர் என்பது முழுக் கணக்கும் அல்ல. படத்தை வாங்கிய கொலம்பியா பிக்சர்ஸ், தியேட்டருக்கான பிரிண்ட்டுக்கும் ஒலிக்கும் அதைப்போலப் பல மடங்கு செலவழித்தது. 1993 சன்டான்ஸ் திரைப்பட விழாவில் படத்துக்குப் பார்வையாளர் விருது வந்தது.

இன்னொரு விஷயமும் அந்தத் தயாரிப்பாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும். 'சின் சிட்டி' எடுத்தபோது, அதன் மூலக் காமிக்ஸை வரைந்த ஃபிராங்க் மில்லருக்கும் இயக்குநர் என்று பெயர் போட ரோட்ரிகஸ் விரும்பினார். அமெரிக்க இயக்குநர்கள் சங்கத்தின் விதி குறுக்கே நின்றது. மில்லரின் பெயரை விட்டுக்கொடுக்காமல் சங்கத்தை விட்டே விலகினார். 2005இல் வந்த படத்தில் இரண்டு பெயர்களும் இருக்கின்றன.

என் உதவியாளருக்கு அந்தத் தயாரிப்பாளரிடமிருந்து வர வேண்டிய மூன்று மாதச் சம்பளம் இன்னும் வரவில்லை.