பிரேக்கை மாற்றுமுன் கணக்குப் பாருங்கள்

காரை வேகமாக ஓட்டுவதைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நிறுத்துவதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. கார்ப் பித்துப் பிடித்த இளைஞர்கள் இப்போது நம் வீடுகளிலும் உண்டு. "பெரிய வண்டியின் பிரேக் காலிப்பரை எடுத்து நம் வண்டியில் மாட்டினால் சட்டென்று நிற்கும்" என்கிறார்கள். மாட்டலாம்தான். ஆனால் மாட்டிய மாத்திரத்தில் சட்டென்று நின்றுவிடும் என்பதை நான் ஏற்கவில்லை.

இதற்குப் பேர்போன உதாரணம் ஒன்று உண்டு. ஜப்பானின் நிஸ்ஸான் நிறுவனம் 1969-இல் வெளியிட்ட டாட்சன் 240 இஸட் என்ற ஸ்போர்ட்ஸ் கார் அமெரிக்காவில் சக்கைப்போடு போட்டது. அதில் முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம் பிரேக். முன் காலிப்பருக்கு இரண்டு பிஸ்டன். டொயோட்டாவின் நான்கு சக்கர டிரைவ் பிக்கப் வண்டியின் காலிப்பருக்கோ நான்கு பிஸ்டன். போல்ட் துளைகளின் இடைவெளி ஒத்துப்போவதால், டிஸ்கின் பின்னுள்ள தகட்டைச் சற்று வெட்டிவிட்டு அதை மாட்டிக்கொள்வது அந்நாட்டுக் கார்ப் பிரியர்களின் நெடுநாள் வழக்கம்.

இதில் லாபம் என்ன? பிஸ்டன்களின் மொத்தப் பரப்பு கூடினால், அதே அழுத்தத்தில் டிஸ்கைப் பிடிக்கும் விசை கூடும். ஆனால் அத்தனை பிஸ்டன்களையும் நகர்த்தக் கூடுதல் பிரேக் ஆயில் வேண்டும். பெடல் ஆழமாக இறங்கும். அதைச் சரிசெய்ய 7/8 அங்குல மாஸ்டர் சிலிண்டரை எடுத்துவிட்டு 15/16 அங்குலம் போடுகிறார்கள். பரப்பு சுமார் 15 சதவீதம் கூடுவதால், அதே கால்விசைக்கு அழுத்தம் சுமார் 13 சதவீதம் குறைந்துவிடும். ஒரு கையால் வாங்கியதில் ஒரு பங்கை மறு கையால் கொடுக்கிறோம்!

சரி, பிடிப்பு கூடியது என்றே வைத்துக்கொள்வோம். வண்டியை நிறுத்துவது கடைசியில் டயருக்கும் சாலைக்கும் உள்ள உராய்வுதான். உராய்வு எண் 0.8 என்றால், 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் கார் பிரேக் பிடித்தபின் நிற்கச் சுமார் 49 மீட்டர் தேவை. எந்தக் காலிப்பரும் இதைக் குறைக்காது. சக்கரத்தைப் பூட்டும் அளவுக்குப் பழைய பிரேக்கே போதுமென்றால், புதியது அதைச் சீக்கிரம் பூட்டும், அவ்வளவுதான்.

அடுத்தது முன்பின் சமநிலை. முன்பிடிப்பை மட்டும் கூட்டினால் முன்சக்கரங்கள் முந்திப் பூட்டிக்கொள்ளும். ஸ்டியரிங் பேச்சைக் கேட்காது. பின்பக்கம் தன் பங்கைச் செய்யுமுன்பே எல்லை வந்துவிடுவதால், நிற்கும் தூரம் கூடவும் கூடும். பின்னாலும் பெரிதாக மாட்டி அது அளவு மீறினால் இன்னும் மோசம்: பின்சக்கரம் முதலில் பூட்டிக் கார் சுழன்றுவிடும்.

ரயில்வேயில் இது பாலபாடம். வார்ப்பிரும்பு பிரேக் கட்டைக்குப் பதில் கலப்புப் பொருள் கட்டை போட்டால் உராய்வே வேறு. சிலிண்டரையும் நெம்புகோல் விகிதத்தையும் கணக்குப் பார்க்காமல் மாற்ற மாட்டோம். பிடிப்பு மிஞ்சினால் சக்கரம் வழுக்கித் தேய்ந்து தட்டையாகிவிடும்.

சூடு என்பது வேறு விஷயம். ஆயிரம் கிலோ எடையுள்ள கார் 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒருமுறை நிற்கும்போது சுமார் 386 கிலோஜூல் சக்தி பெரும்பாலும் பிரேக்கில் சூடாக மாறுகிறது. மலை இறக்கத்திலும் பந்தயத்திலும் திரும்பத் திரும்பப் பிடிக்கும்போது பிரேக் தளர்வது இதனால்தான். அதற்கு மருந்து, நடுவே காற்றுப் போகும் தடித்த டிஸ்க். பழைய டிஸ்கின் மேலேயே பெரிய காலிப்பரை மாட்டினால் அந்தச் சூடு எங்கே போகும்?

ஆகவே இளைஞர்களுக்கு நான் சொல்லும் வரிசை இது. முதலில் நல்ல டயர். பிறகு புது பிரேக் ஆயில்: டாட் 4 வகைக்குப் புதிதில் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி, ஈரம் ஏறியபின் 155 வரை இறங்கலாம். அடுத்து ஹோஸ், பேட். அப்புறமும் போதவில்லையென்றால் டிஸ்க், காலிப்பர், மாஸ்டர் சிலிண்டர், பின் பிரேக் நான்கையும் சேர்த்துக் கணக்கிட்டு மாற்றுங்கள். மாட்டும்போது காற்று எடுக்கும் நிப்பிள் மேல்பக்கம் இருக்கட்டும். இடம் வலம் மாறி அது கீழே போனால், காற்று உள்ளேயே தங்கிப் பெடல் பஞ்சுபோல் இறங்கும்.

எஞ்சினில் செய்த தவறு வண்டியை வழியில் நிறுத்தும். பிரேக்கில் செய்த தவறு நிறுத்தவே நிறுத்தாது. பெற்றோரும் பிள்ளைகளிடம் "எவ்வளவு செலவு?" என்று மட்டும் கேட்காமல், "கணக்குப் பார்த்தாயா?" என்றும் கேட்க வேண்டும்.