அரிக்குதா? வாயைத் திறந்து சொல்லுங்க!

ஹாஸ்டல்ல சார்ஜர், துண்டு, பெட்ஷீட் எல்லாமே பொதுச்சொத்து. அந்த வரிசையில் சொறி சிரங்கும் சேர்ந்துடும். தோலுக்குள் துளைத்து முட்டையிடும், கண்ணுக்கே தெரியாத உண்ணிதான் காரணம். முதல் தடவை தொற்றினால் அரிப்பு தொடங்கவே 4 முதல் 6 வாரம் ஆகலாம். அதற்குள் பக்கத்துக் கட்டிலுக்கும் போயிருக்கும்.

அதனால் ஒருத்தர் மட்டும் மருந்து தடவிப் பயனில்லை. ரூமே டாக்டரைப் பார்த்து, ஒரே நாளில் தடவணும். துணி, பெட்ஷீட்டை வெந்நீரில் துவைக்கணும். வெந்நீர் வரலையா? பிளாஸ்டிக் கவரில் இறுக்கிக் கட்டி ஒரு வாரம் வைங்க. தோல் கிடைக்காமல் உண்ணி செத்துடும்.

"குளிக்காதவனுக்குத்தான் வரும்"னு கிண்டல் பண்ணாதீங்க. தினம் ரெண்டு வேளை குளிக்கிறவங்களுக்கும் வரும். கிண்டலுக்குப் பயந்து ஒருத்தர் மறைச்சா, அடுத்து சொறியப்போறது நாமதான்.