ஓர் ஓட்டம், ஓர் அடி

ஓட்டங்கள் மழையெனப் பொழியும் ஆட்டத்தையே நல்லாட்டம் என்று கொள்வோர் பலர். பேஸ்போல் என்னும் அமெரிக்கப் பந்தாட்டத்தின் இரசிகரிடையேயும் இக்கொள்கையினர் உளர். அவர்களோடு வழக்காட எனக்கு ஓர் ஆட்டமே போதும்.

1965 ஆம் ஆண்டு செப்டெம்பர் 9 ஆம் நாள் இரவு, லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலே டொட்ஜர்ஸ் அணியும் சிக்காகோ கப்ஸ் அணியும் பொருதின. பார்க்க வந்தோர் 29,139 பேர். பந்து வீசிய இருவரும் இடக்கையர். டொட்ஜர்ஸ் பக்கம் சாண்டி கூஃபக்ஸ். கப்ஸ் பக்கம் பொப் ஹென்ட்லி. முன்னவர் புகழின் உச்சியில் நின்றவர். பின்னவரின் பெயரை இன்று அறிந்தோர் சிலரே.

இவ்வாட்டத்திற் பழக்கமில்லாத மாணவர்க்கு ஒரு சொல். அணிக்கு ஒன்பது சுற்றுகள். சுற்றொன்றில் மூவர் ஆட்டமிழந்தால் முறை மாறும். அடிப்பவர் மூன்று தளங்களையும் கடந்து, புறப்பட்ட இடத்துக்கு மீண்டாலே ஓர் ஓட்டம்.

அன்று நான்கு சுற்று முடியும்வரை இரு அணியிலும் ஒருவரேனும் முதலாந் தளத்தைத்தானும் அடையவில்லை. இத்தகைய வேளையிலேதான் ஒவ்வொரு பந்துக்கும் விலை ஏறுகின்றது. பத்து ஓட்டம் குவிந்த ஆட்டத்தில் ஒரு பந்து குறி தவறினால் யார் நினைவில் வைப்பார்? இங்கோ, அதுவே விதியாகிவிடும். கிரிக்கெற்றில் ஓட்டமற்ற ஓவரைச் சுவைக்கத் தெரிந்தவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

ஐந்தாஞ் சுற்றில் ஹென்ட்லியின் நான்கு பந்துகள் எல்லை தவறவே, லூ ஜோன்சன் அடியாமலே முதலாந் தளம் பெற்றார். அடுத்தவர் பந்தை மெல்லத் தட்டி, தாம் ஆட்டமிழந்து, அவரை இரண்டாந் தளத்துக்கு அனுப்பினார். ஜோன்சன் மூன்றாந் தளத்தைத் திருட ஓடினார். (தளம் திருடுதல் அங்கே குற்றமன்று, கலை!) அவரை மறிக்கக் கப்ஸ் அணியின் பந்து பிடிப்பவர் எறிந்த பந்து கைக்கெட்டாமல் வெளிக்களத்துக்குப் பறந்தது. ஜோன்சன் வீடு வந்து சேர்ந்தார். அடியே இல்லாமல் ஓர் ஓட்டம்! ஏழாஞ் சுற்றிலே அதே ஜோன்சன் அடித்த வலுவற்ற அடியொன்று வெற்றிடத்தில் விழுந்தது. அன்று இரு அணிகளுக்கும் சேர்த்துக் கிடைத்த ஒரே அடி அதுவே. அதனால் ஓட்டம் எதுவும் விளையவில்லை.

கூஃபக்ஸை எதிர்த்து 27 முறை அடிக்க வந்தனர். ஒருவரும் தளம் ஏறவில்லை. 14 முறை அவர் துணையெவரும் வேண்டாது தாமே அடிப்பவரை வீழ்த்தினார். கடைசி அறுவரும் அவ்வாறே வீழ்ந்தனர். இறுதிச் சுற்றை வானொலியில் வருணித்த வின் ஸ்கலியின் குரல் ஒலிப்பதிவாக இன்றும் உண்டு. இடையிடையே அவர் மணி சொல்கிறார். மணி சொல்லக் கேட்டு நெஞ்சு படபடக்கும் என்பதை நான் அதற்குமுன் அறிந்திலேன். முடிந்ததும், தாம் வாய் திறவாமல், கூட்டத்தின் ஆரவாரத்தையே நெடுநேரம் கேட்கவிடுகிறார்.

ஆயினும் என் மனம் ஹென்ட்லியிடமே செல்கின்றது. ஒரேயோர் அடி கொடுத்தவர். அந்த அடியாலும் தோற்றாரல்லர். ஏட்டிலே அவர் பெயருக்கு நேரே எழுதப்பட்டது தோல்வி.

கூஃபக்ஸ் முழங்கை மூட்டு நோயினால் 1966 ஆம் ஆண்டு ஆட்டங்களோடு, முப்பது வயதிலேயே ஓய்வு பெற்றார். அந்த இரவைப் பற்றி எழுதாதாரில்லை. ஐந்து நாள் கழித்து, செப்டெம்பர் 14 இல், சிக்காகோவிலே அவ்விருவரும் மீண்டும் எதிர்த்து நின்றதைச் சொல்வோர்தாம் அரியர். அன்று முடிவு 2க்கு 1. வென்றவர் ஹென்ட்லி.