காற்றழுத்திய என்ஜினும் அதன் மூச்சுவழியும்

மோட்டார் வண்டியின் என்ஜினைத் தம் கையாலேயே மாற்றியமைத்து அதற்கு மிகுந்த வலிவு ஊட்டும் வேட்கை, அமெரிக்கா, இங்கிலாந்து, ஜப்பான் முதலிய தேசத்து இளைஞரிடையே ஒரு கலையாகவே வளர்ந்திருக்கின்றது. சூப்பர்சார்ஜர் என்னும் காற்றழுத்தியைப் பூட்டுகின்றனர். பெட்ரோல் பீய்ச்சும் குழல்களைப் பெரிதாக்குகின்றனர். இவற்றிற்குப் பொருளையும் பொழுதையும் தாராளமாய்ச் செலவிடுகின்றனர். ஆயின் என்ஜினின் அடிப்பாகமாகிய கிராங்க் அறையில் சேரும் வாயு எவ்வழியே வெளிப்போகும் என்று வினவுவார் அவருள் மிகச் சிலரே. கல்லூரிச் சஞ்சிகைக்கு இதுவும் ஒரு பொருளோ என்று முகஞ்சுளிப்பார் இருக்கலாம். பௌதிகமும் ரசாயனமும் பயிலும் மாணவர்க்கு இதனினும் நல்ல உதாரணம் கிடைத்தல் அருமை என்பதே என் கருத்து.

பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்கள் எத்துணைச் செம்மையாய் அமைந்திருப்பினும் ஸிலிண்டரை முற்றும் அடைத்துவிடுவதில்லை. பெட்ரோல் எரியும் ஒவ்வொரு முறையும் சிறிது வாயு அவற்றைக் கடந்து கீழே கசிகின்றது. எரிந்த புகை மாத்திரமன்று, எரியாத பெட்ரோலாவியும் நீராவியும் அதில் உண்டு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் உண்டாகும் என்பதை நினைவிற்கொண்டால் இதன் தன்மை விளங்கும். அந்நீரும் அமிலமும் எண்ணெயோடு கலந்து சேறாகின்றன. வழி கிடையாத வாயுவோ அழுத்தம் மிகுந்து, சீல்களையும் காஸ்கெட்டுகளையும் கடந்து எண்ணெயை வெளியே தள்ளுகின்றது. சூடேறிய புகைக்குழாய்மேல் அவ்வெண்ணெய் சொட்டுமாயின் தீப்பற்றவும் கூடும்.

முற்காலத்து வண்டிகளில் இவ்வாயு ஒரு குழாய் வழியே தெருவில் விடப்பட்டது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரை மூடிய நச்சுப்பனியானது, எரியாத பெட்ரோலாவியும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளும் வெயிலிற் கூடிப் பிறப்பது என்று, நெதர்லாந்திற் பிறந்த ரசாயன அறிஞர் ஹாகன்-ஸ்மிட் 1950-ஆம் ஆண்டை ஒட்டி விளக்கினார். அதன்பின் 1961-ஆம் ஆண்டு மாதிரி வண்டிகள் முதற்கொண்டு கலிபோர்னியாவிலும், 1963 முதற்கொண்டு அமெரிக்கா முழுவதிலும், அவ்வாயுவை என்ஜினே மீண்டும் உறிஞ்சி எரிக்கும் வால்வு முறை வந்தது.

1989-ஆம் ஆண்டில் வெளிவந்த மாஸ்டா எம்.எக்ஸ்.-5 என்னும் சிறு வண்டியை எடுத்துக்கொள்வோம். சூப்பர்சார்ஜர் இல்லாமற் பிறந்து, பின்னர் உடையவர்களால் அதனைப் பெற்ற வண்டிகளுள் இது பெயர்பெற்றது. இதன் 1600 கன சென்டிமீட்டர் என்ஜினின் மேல்மூடியில் இரண்டு வாய்கள் உண்டு. ஒன்று வால்வோடு கூடி மானிபோல்டுக்குச் செல்லும். மற்றொன்று திராட்டிலுக்கு முன்னுள்ள காற்றுக்குழாயை அடையும். சாதாரண ஓட்டத்தில் மானிபோல்டில் வெற்றழுத்தம் நிலவுதலின், சுத்தமான காற்று இரண்டாம் வாயால் உட்புகுந்து, கசிவு வாயுவைத் திரட்டிக்கொண்டு முதல் வாயால் வெளியேறும். ஏற்பாடு எளிது, அழகும் உடையது.

சூப்பர்சார்ஜர் வந்தவுடன் இவ்வமைதி குலைகின்றது. உறிஞ்சவேண்டிய மானிபோல்டே இப்பொழுது ஊதுகின்றது. பழைய வால்வு கணநேர எதிர்வெடிப்பைத் தாங்க அமைந்ததேயன்றி, நீடித்த அழுத்தத்தைத் தடுக்க அமைந்ததன்று. அது சிறிது கசிந்தாலும் அழுத்திய காற்று கிராங்க் அறைக்குள் பாயும். கசிவு வாயுவும் அச்சமயத்திலேயே பெருகுகின்றது. நிமிஷத்திற்கு 6000 சுற்றில் இவ்வென்ஜின் விழுங்கும் காற்று சுமார் 4800 லிட்டர். அதில் நூற்றிலொரு பங்கு கசிவதாக வைத்துக்கொண்டால் 48 லிட்டர். அரை வாயுமண்டல அழுத்தம் கூட்டினால் 72 லிட்டராகும். இவ்வளவும் இரண்டாம் வாய் ஒன்றினாலேயே வெளிப்போதல் வேண்டும்.

ஆகவே செய்யத்தக்கது யாதெனில்: வால்வுக்கும் மானிபோல்டுக்கும் இடையில், அழுத்தம் தாங்கும் உறுதியான ஒருவழி வால்வு ஒன்றை வைத்தல் வேண்டும். திராட்டில் சூப்பர்சார்ஜருக்கு முன் அமைந்திருப்பின் அவ்விரண்டிற்கும் இடையிலேயே குழாயை இணைத்துவிடலாம். அவ்விடத்தில் அழுத்தம் ஏறுவதே இல்லை. இரண்டாம் வாயின் குழாயை அகலமாக்கி, எண்ணெய் பிரிக்கும் கலம் ஒன்றின் வழியாகக் காற்றுக்குழாய்க்குத் திருப்புதல் வேண்டும். எண்ணெய்ப் புகை மீண்டும் உட்செல்லின், பெட்ரோலின் தட்டொலி தடுக்கும் ஆற்றல் குறைந்து, பிஸ்டனே உடைய நேரிடும். அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் கருவியின் உட்புறத்திலும் எண்ணெய் படிந்து அதனைக் கெடுக்கும். கடையிற் பளபளப்பாக விற்கும் கலங்கள் சில, உள்ளே தடுப்புத்தகடும் எஃகுக் கம்பளியும் இல்லாத வெறுங்குப்பிகளே. வாயு ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் எண்ணெயோடேயே வெளியேறும். அவற்றிற்குக் கொடுக்கும் பணம் அலங்காரச் செலவாகும்.

இத்தொல்லையெல்லாம் எதற்கு, மேல்மூடியில் ஒரு சிறு வடிகட்டியைச் செருகி வாயுவை வெளியே விட்டால் போதாதா என்பார் பலர். இவ்வழக்கத்தை நான் முழுதும் மறுக்கின்றேன். முன் சொன்ன வண்டியில் காற்றின் அளவை அறியும் கருவி, அவ்விரண்டாம் குழாய் சேருமிடத்திற்கு முன்னே உள்ளது. குழாயைக் கழற்றிவிட்டு வால்வை மாத்திரம் வைத்துக்கொண்டால் அளவிற்கு உட்படாத காற்று என்ஜினுட் புகுந்து, கலவை மெலிந்து, ஓட்டம் தடுமாறும். வால்வையும் அடைத்துவிட்டாலோ, கிராங்க் அறையைக் கழுவிச் செல்லும் காற்றோட்டமே அற்றுப்போகும். பந்தய வண்டிகளில் அப்படித்தானே செய்கின்றனர் என்பதும் ஒரு நியாயமாகாது. அங்குங்கூட வாயுவைத் திறந்துவிடும் வண்டிக்கு எண்ணெய் பிடிக்கும் கலம் வேண்டும் என்பது சர்வதேச மோட்டார் சம்மேளனத்தின் விதி. 2000 கன சென்டிமீட்டர் வரை 2 லிட்டர், அதற்கு மேல் 3 லிட்டர். பந்தய என்ஜின் அடிக்கடி பிரிக்கப்பட்டுப் புது எண்ணெய் பெறுவது. தெருவில் ஓடும் வண்டியோ மாதக்கணக்கில் ஒரே எண்ணெயில் உழைப்பது. அதன் பின்னே நடந்து செல்வார்க்கும் மூச்சு உண்டு.

ஏற்பாடு சரிதானா என்று அறிய விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. நம் பௌதிகச்சாலையில் யாவரும் கண்ட வளைகுழாய் நீர்மானியே போதும். எண்ணெய் ஊற்றும் வாய்க்கு வேறொரு மூடி வாங்கித் துளையிட்டு, நீண்ட ரப்பர் குழாயால் நீர்மானியை இணைத்து, ஒருவர் ஓட்ட மற்றொருவர் கவனித்தல் வேண்டும். நின்று ஓடும்பொழுது நீர்மட்டம் சிறிது வெற்றழுத்தத்தைக் காட்டுதல் நன்று. முழு அழுத்தத்தில் சில சென்டிமீட்டர் உயர்ந்தால் அஞ்சுவதற்கில்லை. ஒரு சாணுக்கும் மேல் ஏறிக்கொண்டே போகுமாயின் வழி குறுகலாயிருத்தல் வேண்டும், அல்லது வளையங்கள் தேய்ந்திருத்தல் வேண்டும். ஒவ்வொரு ஸிலிண்டரிலும் பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, அழுத்திய காற்றைச் செலுத்தி, எண்ணெய் வாயிற் காதை வைத்துக் கேட்டால் எது என்பது தெரிந்துவிடும். தேய்ந்த வளையத்திற்கு எந்தக் குழாயும் மருந்தாகாது.

புகைக்குழாயின் வேகத்தால் வாயுவை உறிஞ்சும் முறையும், பெல்ட்டால் இயங்கும் வெற்றழுத்தப் பம்பும் உள. முன்னது சப்தமடக்கி பூட்டிய வண்டியில் எதிரழுத்தத்தால் பயன்படாது போகும். பின்னது பந்தயத்திற்கே தகும். தெரு வண்டிக்குக் கலமும் ஒருவழி வால்வும் அகன்ற குழாயும் போதும். கலத்தில் எண்ணெயோடு நீரும் சேர்ந்து மோர் போலத் தேங்குமாதலின், குளிர்நாடுகளில் அதனை அடிக்கடி வடித்துவிடுதல் வேண்டும். உறைந்துவிட்டால் வழி முற்றும் அடைபடும்.