உப்பும் கறுவா இலையும்

சேதன இரசாயனம் பயிலும் மாணவனுக்கு எரிசோடா, ஐதரோகுளோரிக்கமிலம், ஈதர் என்பன பரீட்சைக்குரிய பெயர்களாகவே அறிமுகமாகின்றன. அவை எங்கிருந்து வருகின்றன என்று அவன் வினவுவதில்லை, நாமும் கூறுவதில்லை. ஒரு நாட்டின் தொழில்வளம் இவ்வினாவிலேயே தொடங்குகின்றது என்பது எமது துணிபு.

நம் நாட்டுக் கறுவா இலையிலிருந்து வடித்தெடுக்கும் எண்ணெயின் பெரும்பகுதி இயூஜினோல் ஆகும். அவ்வெண்ணெயை எரிசோடாக் கரைசலுடன் குலுக்கின், இயூஜினோல் உப்பாகி நீரிற் கரையும். எஞ்சியவை ஈதர் போன்ற கரைப்பானிற் பிரிந்து நிற்கும். நீர்ப்பகுதியில் ஐதரோகுளோரிக்கமிலம் சேர்க்க, இயூஜினோல் மீண்டும் வெளிப்படும். அதனைக் காரத்துடன் சூடாக்கி, அமைப்பை மாற்றி, ஒட்சியேற்றினால் வனிலாவின் மணந்தரும் வனிலின் கிடைக்கும். மேனாட்டார் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இவ்வழியில் வனிலின் ஆக்கினர். நாமோ பெரும்பாலும் எண்ணெயை ஏற்றுமதி செய்வதோடு அமைந்துவிட்டோம்.

வேண்டிய தாக்குபொருள்கள் நம்மிடம் இல்லாதிருந்தனவா? இல்லை. 1950களில் எழுந்த பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை, ஆனையிறவு உப்பை மின்பகுத்து எரிசோடாவும் குளோரினும் ஆக்கிற்று. மின்பகுப்பில் எழும் ஐதரசனும் குளோரினும் கூடின், ஐதரோகுளோரிக்கமிலத்துக்கும் வழி பிறக்கும். வடக்கின் உப்பும் தெற்கின் கறுவாவும் ஒரே குடுவையிற் கூடியிருக்கலாம். ஆயின் போரினால் பரந்தனில் உற்பத்தி நின்றது. இன்று குடிநீரைத் தூய்மையாக்கும் குளோரினையும் பிறநாட்டிலிருந்தே தருவிக்கின்றோம்.

பிறநாட்டில் மலிவாகக் கிடைப்பதை இங்கு ஆக்குவானேன் என்பார் உளர். அம்மலிவு கப்பல் வரும்வரைதான். 2022 இல் அந்நியச் செலாவணி வற்றியபோது மருந்தும் பரீட்சைத் தாளும் அரிதானமையை நாம் மறத்தலாகாது.

1893 இல் மருதானையில் தொழில்நுட்பக் கல்லூரி தோன்றியது கைத்தொழிற் கல்வியின் பொருட்டே. அந்நோக்கம் நம் கல்லூரி ஆய்வுகூடத்திலும் தழைத்தல் வேண்டும். கறுவா எண்ணெயிலிருந்து இயூஜினோலைப் பிரிக்கும் பரிசோதனையை உயர்வகுப்பு மாணவர் ஒவ்வொருவரும் தம் கையாற் செய்க. தீச்சுவாலையை விலக்கி ஈதரைக் கையாளவும், பயன்பட்ட கரைப்பானைச் சாக்கடையில் ஊற்றாது மீள வடித்தெடுக்கவும் பழகுக. வணிகத்திலும் மருந்துத் தொழிலிலும் சிறந்து விளங்கும் பழைய மாணவர்கள் அதற்கு வேண்டிய பொருள்களை ஆண்டுதோறும் உதவுவாராக. விழாவுக்கு நடும் தூணினும், பயன்படும் ஒரு குடுவை கல்லூரிக்கு நிலைத்த சிறப்பைத் தரும்.