புயல் அடித்தால் கரையில் தங்கம்! எடுத்தவருக்கா, சர்க்காருக்கா?

2020-ம் ஆண்டு நவம்பர் கடைசி. "நிவர்" புயல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்து ஓய்ந்தது. அந்தச் சமயம் ஆந்திராவில், காக்கிநாடா அருகே உள்ள உப்பாடா கடற்கரையில் திடீர்க் கூட்டம்! மீனவர்கள், பெண்கள், சிறுவர்கள் என்று எல்லோரும் குனிந்த தலை நிமிராமல் மணலைக் கிளறினார்கள். காரணம், சிலர் கையில் பொடிப் பொடியாகத் தங்க மணிகள் கிடைத்ததுதான்.

உப்பாடா என்றால் ஜவுளிக் கடைக்காரர்களுக்குத் தெரியும். ஜம்தானி பட்டுச் சேலை நெய்கிற ஊர். அந்த ஊரைக் கடல் வருஷா வருஷம் அரித்துத் தின்று வருகிறது. வீடும் போச்சு, கோவிலும் போச்சு. கட்டிடத்துக்குக் கடைக்கால் போடும்போது துளி தங்கம் போடுகிற வழக்கம் உண்டு. இடிந்து விழுந்த கட்டிடங்களின் தங்கம்தான் இப்படி வெளியே வருகிறது என்று அப்போது சொல்லப்பட்டது.

கடல் கொடுக்கவில்லை

"கடல் மாதா கொடுத்தாள்" என்று ஜனங்கள் பேசுவார்கள். ஆனால் கடல் எதையும் கொண்டுவந்து கொட்டவில்லை. மேலே மூடிக் கிடந்த மணலைத்தான் வாரிக்கொண்டு போயிற்று!

புயல் அலை கரை மணலை அரித்து உள்ளே இழுத்துப் போய், கடலுக்குள் மேடாகக் குவித்துவிடும். கரையில் மண்வெட்டியால் வெட்டியது போல் சரிவு விழும். மணல் தண்ணீரைப் போல் இரண்டரை மடங்குக்குச் சற்று அதிக கனம். செம்பு சுமார் 9 மடங்கு. வெள்ளி பத்தரை மடங்கு. தங்கமோ 19 மடங்கு! லேசான மணல் போய்விடும்; கனமான சாமான் பள்ளத்தில் தங்கிவிடும். கருமணலும் கனம் என்பதால் அதே மாதிரி இடத்தில்தான் ஒதுங்கும். அனுபவசாலிகள் கருமணல் திட்டாகப் பார்த்து உட்காருவது இதனால்தான்.

அலுமினியப் பத்துப் பைசா கதை வேறு. அதன் கனம் ஏறக்குறைய மணலின் கனம்தான். மணல் போகிற பக்கமெல்லாம் அதுவும் போய்விடும்.

காற்று அடங்கியதும் சின்ன அலைகள் அதே மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பக் கொண்டுவந்து மூடிவிடும். புயலுக்கு மறுநாள் கிடைத்த இடத்தில் இரண்டு மாதம் கழித்துத் தோண்டினால் வெறுங்கைதான்!

மெரினாவில் காந்தம்

சென்னையில் இந்த வேட்டை சின்ன அளவில் நடக்கிறது. காணும் பொங்கல் கூட்டம் கலைந்ததும் மணலைக் கிளறுகிறவர்கள் வந்துவிடுகிறார்கள். காந்தம் வைத்துத் தேடுவோரும் உண்டு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஒரு ரூபாய் காந்தத்தில் ஒட்டும். மூக்குத்தி ஒட்டாது, பாவம்!

மெரினாவில் ஆழப் புதைந்தது லேசில் வெளியே வராது. 1870-களில் துறைமுகம் கட்டத் தொடங்கிய பிறகு, தெற்கிலிருந்து வரும் மணல் அங்கே தடைப்பட்டுக் குவிந்து குவிந்துதான் மெரினா இவ்வளவு அகலம் ஆயிற்று. மணல் கிடைக்காத ராயபுரம் பக்கம் கடல் கரையை அரித்தது.

நேற்று தொலைந்த சங்கிலி புதையல் ஆகாது. அது தொலைத்தவர் சொத்து. போலீசில் ஒப்படைக்க வேண்டியதுதான். தகராறு பழைய காசில்தான் வருகிறது.

பத்து ரூபாய் சட்டம்

இதற்கு ஒரு சட்டம் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம், வருஷம் 1878. மண்ணில் மறைந்து கிடந்த பொருள் 10 ரூபாய்க்கு மேல் பெறும் என்றால் கண்டெடுத்தவர் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். தவறினால் ஒரு வருஷம் வரை ஜெயில், அல்லது அபராதம், அல்லது இரண்டும்! அன்று பத்து ரூபாய் பெரிய பணம். இன்று அதற்கு ஒரு டீ கிடைப்பதே கஷ்டம். அப்படிப் பார்த்தால் குண்டுமணித் தங்கம் எடுத்தவரும் குற்றவாளியா?

ஆனால் அதே சட்டத்தில் இன்னொரு பக்கமும் உண்டு. அதை யாரும் ஜனங்களுக்குச் சொல்வதில்லை. பொருளுக்கு உரிமை கோரி யாரும் வராவிட்டால் முக்கால் பங்கு கண்டெடுத்தவருக்கு, கால் பங்கு நிலத்துக்காரருக்கு. நிலத்துக்காரரும் வராவிட்டால் முழுவதும் எடுத்தவருக்கே! சர்க்கார் வாங்கிக்கொள்ள விரும்பினால் உலோகத்தின் விலையோடு ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகக் கொடுக்க வேண்டும்.

ஜெயில் மட்டும் காதில் விழுகிறது, முக்கால் பங்கு விழவில்லை. அதனால் என்ன நடக்கும்? காசு கிடைத்தவர் முந்தானையில் முடிந்துகொண்டு நேரே நகைக் கடைக்குப் போவார். "ஏம்மா, இது எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டே கடைக்காரர் பாதி விலை சொல்வார். ராத்திரியே உருக்கிவிடுவார்கள். எந்த ராஜா அடித்த காசு, எந்தக் கப்பலில் வந்தது, எல்லாம் குகையில் போட்டு ஊதியாச்சு!

மாமல்லபுரத்துக் கல்லுக்கு இந்தக் கதி வரவில்லை. 2004 டிசம்பர் 26-ந் தேதி சுனாமி மணலை வாரியதில் சாளுவன்குப்பத்தில் ஒரு பாறையின் கல்வெட்டு வெளியே தெரிந்தது. தொல்லியல் துறையினர் படித்துப் பார்த்து, பக்கத்தில் தோண்டினார்கள். பல்லவர் கால முருகன் கோவிலும், அதற்கு அடியில் அதைவிடப் பழைய செங்கல் கோவிலும் கிடைத்தன. பாறையை மடியில் கட்டிக்கொண்டு அடகுக் கடைக்குப் போக முடியாது, தப்பித்தது.

10 ரூபாய் வரம்பை மாற்ற வேண்டும். அதற்கு நாளாகும் என்றால், மீனவர் குப்பங்களில் ஒரு போர்டாவது வைக்கலாம். பழங்காசு கிடைத்தால் எந்த ஆபீஸ், எந்த அதிகாரி, எத்தனை பங்கு என்று தமிழில் பெரிய எழுத்தில் எழுதினால் போதும். எழுதத் தெரியாதவருக்கு கிராம அலுவலகத்திலேயே மனு எழுதிக் கொடுத்து, கையோடு ரசீதும் கொடுக்க வேண்டும். அடுத்த ஐப்பசிப் புயலுக்கு முன்னால் செய்யக்கூடிய வேலைதான் இது.